மூணு வெள்ளம்

இந்த மலையாள ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் உடுமலைப்பேட்டையிலிருந்து மெஷின் மெக்கானிக்காக வந்து இறங்கிய முதல் வாரம், ஒரு வீட்டு அம்மா கடைக்கு ஓடிவந்து, மெஷினுக்குள் வெள்ளம் வரவில்லை என்று புலம்பினாள். வராததற்கு ஏன் அழுகிறாள் என்று நான் முழித்தேன். இப்போது சொந்த ஊருக்குப் போனால் ஓட்டலில் குடிக்க வெள்ளம் கேட்டுத் திட்டு வாங்குகிறவன் நான்தான். என் பெயர் துரைக்கண்ணு. அது ரேஷன் கார்டில் இருக்கிறது. இங்கே தமிழன் என்றால் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றால் நான். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். பழகப் பழக அதுவே மரியாதையாகிவிட்டது.

திரூருக்கும் கோட்டக்கலுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பக்கத்து வீடுகளில் நான் கை வைக்காத வாஷிங் மெஷின் கிடையாது. மெஷினைத் திறந்தால் வீட்டுக்குள் நடக்கிறது எல்லாம் தெரியும். யார் பாக்குப் போடுகிறார்கள், யாருக்கு முடி கொட்டுகிறது, எந்தப் பையன் பீடி பிடிக்கிறான், எல்லாம் அடியில் இருக்கிற ஃபில்டரில் வந்து உட்கார்ந்திருக்கும். பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் இந்தத் தொழிலில் முக்கியம். நுணலும் தன் வாயால் கெடும் என்று என் மனைவி தினமும் எனக்கு நினைவூட்டுவாள்.

பிய்யாத்தும்மா வீட்டு மெஷின் மட்டும் எனக்குச் செல்லம். முன்பக்கம் கதவு வைத்தது. மூணு வருஷத்துக்கு முன்னால் சவூதி தம்மாமிலிருந்து மகன் சைதலவி சொல்லி வாங்க வைத்தது. மருமகள் சுஹராவுக்கு மணிக்கட்டில் நரம்பு இழுத்துக்கொண்டு, துணி பிழிய முடியாமல் போன சமயம் அது. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிற ஒரே ஆள் சுஹராதான். மாதம் ஒருதரம் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவாள். ஒவ்வொரு தடவையும் கதவு ரப்பர் மடிப்பைத் துடைத்து, காற்றாடக் கதவைச் சாத்தாமல் விடுவாள். மழைக்காலத்தில் கிணறு கலங்கி வருகிற செம்மண் அடைக்காமலிருக்கக் குழாய் வலையைப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்ப்பாள். மற்ற வீடுகளில் சோப்புத்தூளைச் சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவார்கள். இவள் ஸ்பூனால் அளந்து போடுவாள்.

பிய்யாத்தும்மா முதலில் அந்த மெஷினைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. குழந்தை மூத்திரம் பட்ட துணியும் தொழும்போது மேலே போட்டுக்கொள்கிற குப்பாயமும் ஒரே தொட்டியில் சுற்றினால் அது என்ன சுத்தம் என்று கேட்டாள். துணியைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரும் சேர்ந்து அசுத்தம். தண்ணீரைத்தான் துணி மேல் ஊற்ற வேண்டும், அதுதான் அவர்கள் முறை. கடைசியில் பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டு வந்தார்கள். துணிக்கு முதலில் வெளியே மூணு வெள்ளம் ஊற்றிப் பிழிந்துவிட்டு, பிறகு மெஷினில் போடட்டும் என்றாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கைக்குட்டைகூட மூணு வெள்ளம் படாமல் மெஷினுக்குள் போனதில்லை. பின்கட்டில் துவைக்கிற கல் மேல் ஒவ்வொரு துணியாக விரித்து, செம்பால் மூன்று தடவை ஊற்றி, தடவிப் பார்த்து, மெதுவாகப் பிழிந்து எடுத்து வருவாள் சுஹரா. இந்தப் பக்கம் முக்கால்வாசி வீட்டில் இதுதான் நடைமுறை. கல்லில் அலசின துணிக்கு மெஷின் எதற்கு, பொழுதுபோக்குக்கா என்று நான் ஒருமுறை கேட்டேன். "உங்க ஆளுங்க குளிச்சிட்டுத்தானே கோயில் குளத்துல முங்குறாங்க? அது எதுக்கு அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கர்க்கடக மாதத்தில், நம்ம ஆடியில், மழை பதினோரு நாளாக நிற்கவில்லை. கொடியில் போட்ட துணி எல்லாம் பூசணம் பிடித்து நாறியது. சைதலவி லீவில் வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது, சனிக்கிழமை விமானம். இந்த ஊரில் கல்ஃப்காரன் வந்து இறங்கினால் ஜனங்கள் அவனிடம் இரண்டு கேள்வியை ஒரே மூச்சில் கேட்பார்கள். எப்ப வந்தே, எப்பப் போவே. முதல் கேள்விக்கு அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவதும் வந்துவிடும். பெற்ற தாய்கூட அப்படித்தான் கேட்பாள், அதில் யாருக்கும் வருத்தம் இருப்பதாக நான் அதுவரை நினைத்ததில்லை.

திங்கட்கிழமை சாயக்கடையில், அதாவது டீக்கடையில், சைதலவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயதுக்கு அவன் கைகள் மட்டும் அறுபது வயதுக் கைகள். தோல் உரிந்து வெளுத்துப்போயிருக்கும். பதினேழு வருஷமாகத் தம்மாமில் ஒரு லாண்டரியில் வேலை. மழையையே பார்த்துக்கொண்டு பால் விடாத கட்டன் சாய குடித்தான். அங்கே லாண்டரியில் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டு அவனே சொன்னான். பேண்ட்டுக்கு ஜிப்பை இழுத்துப் பூட்டு, பட்டனைப் போடு, உள்பக்கத்தை வெளியே திருப்பு, பாக்கெட்டில் கையை விட்டுப் பார். இந்த நாலையும் செய்யாமல் ஒரு துணிகூட மெஷினுக்குள் போகக்கூடாது.

"பதினேழு வருஷம் அடுத்தவன் பாக்கெட்ல கைய விட்டிருக்கேன் அண்ணாச்சி. மோதிரம் கிடைச்சிருக்கு, சாவி கிடைச்சிருக்கு. ஒருதரம் ஒரு கொழந்தையோட பால் பல்லு. காகிதத்துல மடிச்சு வெச்சிருந்தான். எல்லாத்தையும் கவர்ல போட்டுப் பேர் எழுதிக் குடுத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணுகூட இந்தக் கையத் தாண்டி உள்ள போனதில்ல."

நான் மெச்சுகிற மாதிரி தலையாட்டினேன். அவன் மகள் மின்னுவுக்கு மூன்று வயது. அவள் பிறந்தபோதும் அவன் அங்கே. முதல் பல் முளைத்தபோதும் அங்கே. நானும் ஒரு தகப்பன்தான். ஆனாலும் வழக்கம்போல, சனிக்கிழமை எத்தனை மணிக்கு விமானம் என்றுதான் கேட்டேன். அவன் நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குச் சுஹராவின் போன். மெஷின் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே வெள்ளம் நிற்கிறது, கதவு திறக்கவில்லை, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்றாள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கூடத்தில் கல்ஃப் பெட்டி பாதி கட்டிக் கிடந்தது. அட்டைப்பெட்டி மேல் பட்டை மையில் சைதலவியின் பெயர். சுற்றிலும் அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலங்கள். இரண்டு நாளாகச் சுண்ட வறுத்தெடுத்த மாட்டிறைச்சி வாசனை வாசல்வரை வந்தது. சைதலவி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான், மறுபடி எழுந்து உள்ளே போனான்.

பின்கட்டில் சமையலறையை ஒட்டின வொர்க் ஏரியாவில்தான் மெஷின். சுஹரா மழையில் நனைந்த பர்தாவோடு நின்றிருந்தாள். மின்னுவுக்கு இருமல் என்று காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் இப்போதுதான் வந்தாளாம். பிய்யாத்தும்மா காலையிலிருந்து ஒரு மவுத்து வீட்டில், சாவுக்குப் போயிருந்தாள். மெஷினை யார் போட்டது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை, வீட்டு மெஷினை வீட்டுக்காரிதானே போடுவாள்.

தட்டை வைத்து, அடியில் ஃபில்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். வந்த வெள்ளம் கருநீலமாக இருந்தது. ஏதோ சாயம் போகிற துணி என்று நினைத்தேன். ஃபில்டரை இழுத்தபோது கூழாகிப்போன காகிதம் கையோடு வந்தது. காகிதத்தில் மெல்லிசான நூல். பம்ப்பின் விசிறியைச் சுற்றி இறுக்கி மோட்டாரை எரித்ததும் அந்த நூல்தான். அதற்குப் பின்னால் நகத்தளவுக்கு ஒரு பிளாஸ்டிக் படலம். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தது. சைதலவியின் கண்.

அதைச் சுஹராவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் பார்த்தாள். கதவைத் திறக்கச் சொன்னாள்.

கதவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். ரப்பர் மடிப்பில் பாஸ்போர்ட்டின் மேலட்டை, சொதசொதவென்று. பிறகு சைதலவியின் பழுப்புப் பேண்ட். உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது, ஜிப் பூட்டியிருந்தது, பட்டன் போட்டிருந்தது. பை வெளியே காது மாதிரி தொங்கியது, பைக்குள் மிச்சக் காகிதக் கூழ். அதற்கடியில் சுஹராவின் வெள்ளைத் தொழுகைக் குப்பாயம். அதோடு முறுக்கிக்கொண்டு மின்னுவின் படுக்கை விரிப்பு. சுஹரா அந்த விரிப்பை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனையையும் மீறி மூத்திர வாடை எனக்கே அடித்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தபோதுகூட அப்படி மாறவில்லை.

அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். பாதி புரிந்தது. அந்த விரிப்பு மூணு வெள்ளம் படாமல் உள்ளே போயிருக்கிறது. சுஹராவின் கையால் அது நடக்காது.

பிய்யாத்தும்மா மவுத்து வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் வீடு இரண்டாகிவிட்டது. அந்தம்மாள் கெட்டவள் இல்லை. புருஷன் செத்தபிறகு பீடி சுற்றி மகனை வளர்த்தவள். மகன் கல்ஃபுக்குப் போன நாளிலிருந்துதான் ஊரில் அவளை ஒரு மனுஷியாக நாலு பேர் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அது கையை விட்டுப் போகிறது என்றதும் பயம் வாயில் ஏறிக்கொண்டது. போன தடவை விமான நிலையத்தில் சுஹரா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுததை எடுத்தாள். போக வேண்டாம் என்று போனில் கெஞ்சியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். கூட்டிக் கழித்து ஒரே முடிவுக்கு வந்தாள். புருஷனை நிறுத்த வேண்டும் என்று இவள் வேண்டுமென்றே பாஸ்போர்ட்டைத் துவைத்துவிட்டாள்.

"ஒவ்வொரு துணியையும் மூணு வெள்ளம் ஊத்தித் தடவித்தானே போடுறே? பாக்கெட்ல அத்தாம் பெரிய பாஸ்போர்ட்டு உன் கைக்குத் தெரியலையா? தெரியாமப் போட்டேன்னு மட்டும் சொல்லாதே. நான் நம்ப மாட்டேன்."

சரியான கேள்விதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்திருந்தாள். நான் போடவில்லை என்று சுஹரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. மின்னுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள். நான் சைதலவியைப் பார்த்தேன். அவன் கூழாகிப்போன அந்த அட்டையை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உம்மா பேசப் பேச அவன் காது மடல் மட்டும் சிவந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பம்ப் புதுசு போட வேண்டும், கோட்டக்கலில் கிடைக்காது, கோழிக்கோட்டிலிருந்து வரவழைக்க வெள்ளிக்கிழமையாகும் என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன்.

அன்று சாயந்திரம் சைதலவி டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனான். கெட்டுப்போன பாஸ்போர்ட்டுக்குப் பதில் புதுசு கிடைக்க எப்படியும் ஒரு மாசம் ஆகும், திரும்பி உள்ளே போகிற விசா இந்த மாசத்தோடு முடிகிறது, முடிந்தால் முடிந்ததுதான் என்று அங்கே கையை விரித்தார்களாம். போனவன் மழையில் குடையில்லாமல் திரும்பி வந்தான். வந்தவன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

அதற்கு முன்னால், மத்தியானம் நான் கிளம்புகிற சமயமே சுஹரா அத்தனை துணியையும் கல்லுக்குக் கொண்டுபோயிருந்தாள். குப்பாயத்தை விரித்து ஊற்றுகிறாள். விரிப்பை விரித்து ஊற்றுகிறாள். மழையும் சேர்ந்து ஊற்றுகிறது. மணிக்கட்டு வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். பிய்யாத்தும்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மெஷின்ல போட்டதுக்கு எதுக்கு மறுபடியும் மூணு வெள்ளம்?" என்று கேட்டாள்.

"காகிதம் ஒட்டியிருக்கு உம்மா" என்றாள் சுஹரா.

நான் அருகே போய், தாழ்ந்த குரலில், ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய், போட்டது நீயில்லை என்று எனக்கே தெரிகிறதே என்றேன். அவள் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும் அண்ணாச்சி. ஜிப்பு பூட்டி, உள்ள வெளிய திருப்பி யாரு போடுவாங்க? லீவுக்கு வரும்போதெல்லாம் அவங்க அழுக்குப் பேண்ட்டைக் கழட்டிப் போடுறதே அப்படித்தான். ஆனா நான் சொல்லி அவங்க ஊர்ல நின்னா, நான்தான் நிறுத்தினேன்னு ஆயிடும். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா அவங்களே என்னைச் சொல்லிக்காட்டுவாங்க. அவங்க வாயால வரட்டும்."

வராவிட்டால் என்று கேட்டேன். அவள் செம்பை எடுத்து அடுத்த துணிக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை ஊரே அந்த வீட்டுக்கு வந்து போனது. துக்கம் கேட்க வந்ததாக எல்லோரும் சொன்னார்கள், போகும்போது அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊர் செம்மாட்டிலிருந்து ஒருவன் தம்மாமுக்குப் போகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்ப வேண்டுமாம். மாங்காய் அச்சார் போனது, வறுத்த மாட்டிறைச்சி போனது, கடைசியில் கல்ஃப் பெட்டியில் சைதலவியின் இரண்டு லுங்கியும் ஒரு தைலக் குப்பியும்தான் மிச்சம். எப்பப் போவே என்று கேட்கிற வாய்களுக்குக் கேட்க வேறு எதுவும் தெரியவில்லை. அவர்கள் சுஹராவைப் பார்த்த பார்வைதான் சரியில்லை. பிய்யாத்தும்மா எல்லோருக்கும் ஒரே தகவலைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சுஹராவின் அண்ணன்மார் இரண்டு பேரும் வருகிறார்கள். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகட்டும். கொஞ்ச நாள் அங்கே இருந்து புத்தி தெளியட்டும்.

கொஞ்ச நாள் என்று தாய்வீட்டுக்குப் போன பெண்கள் எத்தனை பேர் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். நமக்கெதுக்கு என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "பம்ப் வந்தா சீக்கிரம் கொண்டுபோய் மாட்டுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அண்ணன்மார் வந்துவிட்டிருந்தார்கள். பெரியவர் மரவியாபாரி, சின்னவர் மதரசாவில் பாடம் எடுக்கிறவர். கூடத்தில் உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசாமல் பாரதப்புழை ஆற்றில் வெள்ளம் ஏறியதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரிசிப் பத்திரியும் கோழிக்கறியும் யாரும் தொடாமல் ஆறியிருந்தது. சுஹராவின் துணிப்பை கதவோரம் தயாராக இருந்தது. மின்னு அந்தப் பை மேல் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வொர்க் ஏரியாவில் மெஷினைச் சாய்த்துப் புதுப் பம்ப்பை மாட்டினேன். கூடத்தில் பிய்யாத்தும்மாவின் குரல் எழும்பியது. நான் திருகு பூட்டுகிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த மூணு வெள்ளக் கேள்வியை அண்ணன்மாரிடமும் கேட்டாள். பெரியவர் தங்கச்சியிடம், நீ என்ன சொல்கிறாய் என்றார். அவள் மின்னுவைப் பையை விட்டு இறங்கச் சொன்னாள். சைதலவியிடம் கேட்டார். அவன் தொண்டையைக் கனைத்தது மட்டும் கேட்டது. முழுப் பூசணிக்காயை அவன் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறான், எல்லோரும் அந்தச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தமாகக் குரல் கொடுத்தேன். பம்ப் மாட்டியாகிவிட்டது, வெள்ளம் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும், யாராவது வந்து நாலு துணி போடுங்கள்.

சுஹரா எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். "நான் போடுறேன்" என்று சைதலவியின் குரல் கேட்டது. கூடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று ஓடிவந்தவன் மாதிரி வந்தான்.

கல்லுக்குப் போகிற படியோரம், மழை படாமல், அன்றைய அழுக்குக் கூடை இருந்தது. சைதலவி அதை மெஷின் முன்னால் இழுத்துப் போட்டுக் குந்தினான். ஒரு பேண்ட்டை எடுத்தான். அவன் கண் வெளியே மழையில் இருந்தது, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஜிப்பை இழுத்தது, பட்டனைப் போட்டது, உள்பக்கத்தை வெளியே திருப்பியது, இரண்டு பைக்குள்ளும் நுழைந்து வந்தது. உள்ளே போட்டான். சட்டை, பை பார்த்து உள்ளே. தலையணை உறை. மின்னுவின் படுக்கை விரிப்பு. அதை உதறி, இரண்டாக மடித்து, அதையும் உள்ளே. கதவைச் சாத்தினான். நான் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இத்தனை சுத்தமாக ஒருவன் துணி போட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு குறைதான்.

நிமிர்ந்தபோது பிய்யாத்தும்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அண்ணன்மாருக்குச் சாய எடுத்துப் போகிற தட்டு கையில். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவளுக்குப் பின்னால் சுஹரா.

"சைதலவி."

"என்ன உம்மா?"

"அது மின்னுவோட விரிப்பு."

"ஆமா."

"வெள்ளம் ஊத்தலையா?"

"உள்ளதான் வெள்ளம் வருமே" என்றான் அவன்.

சொல்லி முடித்ததும் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. பிய்யாத்தும்மா தட்டை மெஷின் மேல் வைத்தாள். திரும்பிச் சுஹராவைப் பார்த்தாள். சுஹரா மழையைப் பார்த்தாள். அந்தம்மாள் என்ன கணக்குப் போட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. புதன்கிழமை மத்தியானம் கல்லடியில் மருமகள் குப்பாயத்துக்கு மறுபடியும் மூணு வெள்ளம் ஊற்றியதை இதே வாசலில் நின்று பார்த்தவள் அவள்தானே.

"புதனாழ்ச்சையும் இப்படித்தான் போட்டியா?"

அவன் கதவுக் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தான்.

"உன் கை பாக்கெட்டுக்குள்ள போகாம ஒரு துணி போட மாட்டியே மோனே. இப்பப் பார்த்தேனே."

சைதலவி குந்தின இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது ஆள், வேஷ்டி ஈரத்தில் நனைவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். உரிந்து வெளுத்த அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே பேசினான்.

"எனக்குத் திரும்பிப் போக வேண்டாம் உம்மா. என்னால முடியாது. வந்த அன்னிலேருந்து சொல்லணும்னு இருந்தேன். நீங்க முதல் நாளே எப்பப் போவேன்னு கேட்டீங்க."

பிய்யாத்தும்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் திருப்புளியைத் துடைக்க ஆரம்பித்தேன். கூடத்தில் பெரியவர் மறுபடியும் புழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஏதாவது சொல்லிக் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து மெஷின் கதவைத் திறந்தாள். விரிப்பை இழுத்தாள், பேண்ட்டை இழுத்தாள், எல்லாவற்றையும் வாரிக் கூடையில் திணித்து, கூடையை அவன் மடியில் வைத்தாள்.

"எழுந்திரு. கல்லுக்குக் கொண்டுபோய் மூணு வெள்ளம் ஊத்து. இங்க இருக்கிறவன் இங்கத்த முறையைப் படிக்கணும்."

அப்புறம் சாயத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவள் அண்ணன்மாரிடம் சொன்னது சுவர் தாண்டி எங்களுக்குக் கேட்டது. "தப்பு என் வீட்டுப் பக்கம். உங்க தங்கச்சி மேல ஒண்ணுமில்ல. அந்தப் பையை யாராவது உள்ள எடுத்து வைங்க, கொழந்தை அதுமேல ஏறி ஏறிப் பிஞ்சு போகுது." பெரியவர் ஏதோ கேட்டார். பத்திரி ஆறிவிட்டது, முதலில் சாப்பிடுங்கள் என்று அதட்டினாள்.

சைதலவி மழையில் கல்லுக்கு முன்னால் நின்றான். விரிப்பை விரித்தான். செம்பை வாளியில் முக்கினான். மழையே தலை மேல் கொட்டுகிறபோது செம்பால் வேறு ஊற்றுகிறவனைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஊற்றினான். மறுபடி ஊற்றினான். பிழிய ஆரம்பித்தான்.

மூன்று நாளாக அவனிடம் ஒரு வார்த்தை பேசாத, இக்கா என்றுகூடக் கூப்பிடாத சுஹரா வாசற்படியில் வந்து நின்றாள்.

"ரெண்டுதான் ஆச்சு இக்கா" என்றாள். "இன்னும் ஒண்ணு."